இரண்டு செல் வேகம்

குழாய் வேலைக்காரனின் வேன் அந்தக் கல்குவாரித் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சக்கரத் தடம் விளிம்புவரை போய் நின்றிருந்தது. டீசல் படலம் நீர்மேல் மினுங்கியது. வேனுக்குள் அவன் இருக்கிறானா என்பதுதான் தெரியவில்லை. முக்குளிக்கிறவர்கள் இரண்டு முறை இறங்கிப் பார்த்துவிட்டு, கீழே துருப்பிடித்த இரும்பும் கம்பிக் கயிறும் பின்னிக் கிடக்கின்றன என்று ஏறிவிட்டார்கள். தண்ணீரை இறைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எப்போது இறைப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அவன் மனைவியால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் "பாவம், செத்துட்டான்" என்றார்கள். மீதிப் பேர் "செத்தானா, கம்பி நீட்டிட்டானா?" என்றார்கள். அந்த இரண்டாவது கேள்வி அவளுக்குள்ளும் புகுந்துவிட்டது. அவர் செத்திருக்க வேண்டும் என்று ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். உடனே சோப்புக் கையாலேயே தன் வாயில் அடித்துக்கொண்டாள்.

அவள் தம்பியைக் கூட்டாளிகள் 'புயல்' என்று கூப்பிடுவார்கள். ரிமோட் படகுப் போட்டியில் அவனுடையது கண்ணில் படுவதற்குள் கடந்துவிடும். அந்தப் படகில் கேமராவைக் கட்டி வேனைத் தேடலாம் என்றது அவன்தான். அடைத்த சாக்கடைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற கேமரா ஒன்று, திரை வெளிச்சம் மங்குகிறது என்று அவள் கணவன் வீட்டிலேயே போட்டுவைத்திருந்தான். முனையில் விளக்கு உண்டு. பின்னால் நீளமான கேபிள். கேபிள் மிதக்கட்டும் என்று அக்காவும் தம்பியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து தெர்மோகோல் துண்டுகளைக் கட்டினார்கள்.

முதல் முயற்சியில் படகு பத்தடிகூடப் போகவில்லை. மோட்டார் அலறியது. பின்னால் நுரை பொங்கியது. படகோ நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னடா, தண்ணிய அடிச்சு நுரை எடுக்குது?"

"மோட்டார் வேகமா சுத்துற ஜாதிக்கா. அதுக்குன்னு சின்ன புரொப்பல்லர் போட்டிருக்கேன். ஓடத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. கேபிள் பிடிச்சு இழுக்குதுல்ல, அதான்."

"அப்ப பெருசா மாட்டு."

மாட்டினான். வீட்டில் கையில் தூக்கிப் பிடித்துச் சுற்றவிட்டு, சத்தத்தைக் கேட்டு, "சூப்பர்" என்றான். அங்கேதான் தப்பு செய்தான். காற்றில் எந்தப் புரொப்பல்லரும் லேசாகத்தான் சுற்றும். தண்ணீரில் இறங்கிய பிறகுதான் அகன்ற இறக்கையின் சுமை மோட்டாருக்குத் தெரியும். மறுநாள் படகு கேபிளை இழுத்துக்கொண்டு பாதிக் குளம் போனது. புயல் விசிலடித்தான். விசில் முடிவதற்குள் படகு நின்றுவிட்டது. கேபிளைப் பிடித்துக் கரைக்கு இழுத்து மூடியைத் திறந்தால், கருகிய வாடை. மோட்டாரைத் தொட்டவன் கையை உதறினான்.

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் சும்மா இருக்கவில்லை. "புயலாம் புயல். விசிறிக் காத்துகூட வரல."

"அத்தை, அவன் நமக்காகத்தானே பண்றான்."

"யாரு இல்லேன்னா? என் புள்ள உள்ள கிடக்கானே, நான் யாரைத் திட்டுவேன், சொல்லு."

அன்று சாயங்காலம் மேஜைமேல் படகைக் கவிழ்த்துப்போட்டுத் தம்பி புரொப்பல்லரை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகச் சுற்றும் மோட்டார் வாங்கி வரலாம், ஆனால் அது வந்து சேர நாளாகும். இன்னொரு வழி அவனுக்குத் தெரியும், பிடிக்காது. மோட்டாருக்கு ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. நான்கு செல் பேட்டரியை எடுத்துவிட்டு இரண்டு செல் போட்டால் சுற்று பாதியாகிவிடும். சுற்று பாதியானால் அதே பெரிய புரொப்பல்லரின் சுமை பாதியோடு நிற்காது, அதற்கும் வெகு கீழே இறங்கிவிடும். மோட்டார் சூடாகாது. படகு கேபிளை இழுக்கும் என்று அக்காவிடம் சொன்னான்.

"செய்ய வேண்டியதுதானே?" என்றாள்.

"எருமை மாதிரி போகும்க்கா. எவனாவது பாத்தா மானம் போயிடும்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடுகிற, கருகிப்போன கன்ட்ரோலரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டி, இரண்டு செல் பேட்டரியைப் போட்டான். இந்த முறை படகைத் துணி துவைக்கும் தொட்டியில் இறக்கி, நகரவிடாமல் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டான். பிறகு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

காலையில் படகு எருமை மாதிரியேதான் போனது. ஆனால் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது, பின்வாங்கச் சொன்னால் பின்வாங்கியது. அக்கா தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அந்த மங்கலான திரையைப் பார்த்தாள். கலங்கல். இரும்புக் கயிறு. மறுபடி கலங்கல். பிறகு வெள்ளையாக ஒரு கூரை.

"டேய், இங்கதான். நிறுத்து."

கேபிளைத் தளரவிட்டுக் கேமராவைப் படகிலிருந்து கீழே இறக்கினார்கள். முன்கண்ணாடி உடையவில்லை. விளக்கு உள்ளே விழுந்தது. ஓட்டுநர் சீட் காலி. பெல்ட் ஒழுங்காகச் சுருண்டு தொங்கியது.

"பக்கவாட்டுல போ."

கண்ணாடி மேல்வரை ஏற்றியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. மறுபக்கமும் அப்படியே. பின்கதவும். தண்ணீர் அவனை வெளியே இழுத்துக்கொண்டு போக வழியே இல்லை. ஜன்னல் வழியாகப் பின்பக்கத் தட்டியைக் கேமரா காட்டியது. குளிக்கப் போனால்கூடப் பூட்டிவிட்டுப் போவானே, அந்த ஸ்பேனர்களும் ரெஞ்சுகளும் மாட்டியிருக்கிற தட்டி. வெறும் கொக்கிகள் வரிசையாக நின்றன. ஒரு கொக்கியில்கூட ஒன்றும் இல்லை.

தம்பி பார்த்துவிட்டான். "மாமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். "என்ன? என்னம்மா தெரியுது? எதுவானாலும் சொல்லித் தொலை."

"வண்டி காலியா இருக்கு, அத்தை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. சாமானெல்லாம் முன்னாடியே எடுத்துட்டார்."

கிழவிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப என் புள்ள சாகல! அடியே, உன் புருஷன் உசுரோட இருக்கான்டி! எங்கயோ நல்லா இருக்கான்!" சிரித்தாள். மூக்கைச் சிந்தினாள். "ஏண்டி கல்லு மாதிரி நிக்கிற? சந்தோஷமா இருடி!" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, எல்லாரிடமும் சொல்ல வேண்டுமென்று செருப்பைக்கூட மாட்டாமல் மேட்டில் ஏறிப் போனாள்.

அவள் குரல் தேய்ந்து மறைந்தது.

"திருப்பிடட்டுமாக்கா?"

"இரு. சீட்டுக்குக் கீழ பாக்கல."

"அதுல ஆள் எப்படிக்கா..."

"காட்டுடா."

அவன் லிவரை மெல்லத் தள்ளினான். பெரிய புரொப்பல்லர் நிதானமாகச் சுற்றியது. திரையில் காலி சீட் மறுபடி வந்தது. அவள் துண்டை இழுத்து முகத்தை இன்னும் மூடிக்கொண்டு, திரையை மூக்கருகில் கொண்டுபோனாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றாள்.