ஓரகத்திகள் போட்ட காபி

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் முட்டி மோதும் இரண்டு பேரை ஒரே காபிக் கடையில் வேலைக்கு வைத்தானே அந்த மேனேஜர், அவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்! மூத்தவளுக்குக் காலை ஷிப்ட், இளையவளுக்கு மாலை ஷிப்ட். யாருடைய காபியை வாடிக்கையாளர்கள் அதிகம் புகழ்கிறார்களோ அவளுக்கு நிரந்தர வேலை. மற்றவள் நடையைக் கட்டலாம் என்றான்.

மூத்தவளின் புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்துக் கிடந்தான். இந்த வேலை போனால் அவள் கதி அதோகதி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நுரையில் பூப் போட்டுக் கொடுத்தாள். இளையவளோ தனிக்குடித்தனம் போகத் துடித்தாள். அவளும் விடுவாளா?

ஒருநாள் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது மூத்தவள் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் திருகாணியைத் தளர்த்திவிட்டுப் போனாள். தூள் கரகரப்பாக விழுந்தது. இளையவளின் காபி கழுநீரானது. அடுத்த வாரம் மூத்தவளின் காபியும் அப்படியே ஆனது. ஆத்திரத்தோடு மேனேஜர் அறைக்குள் பாய்ந்தாள்.

"சார், அவ திருகாணியைத் திருப்பி வெச்சிருக்கா!"

"தெரியும். நீ திருப்பினதும் தெரியும்."

"பின்ன ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீங்க அடிச்சுக்கறதாலதான் கடை பளபளன்னு இருக்கு. ஒருத்தியை நிரந்தரமாக்கிட்டா, அப்புறம் யாரை ஜெயிக்க இப்படி மாடா உழைப்பீங்க?"

மூத்தவள் வெளியே வந்தாள். பாவி! நிரந்தர வேலை என்று ஒன்று கிடையவே கிடையாது. இளையவள் வரும்வரை காத்திருந்து அத்தனையையும் கொட்டினாள்.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்டி. ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேப்போம், வா."

இளையவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அக்கா உன் கதை. தோக்கப்போறேன்னு தெரிஞ்சதும் உறவு கொண்டாட வந்துட்டியா? நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா நீ வேலையைத் தட்டிக்கிட்டுப் போவே. என்னைக் கேணைன்னு நெனச்சியா?"

"சத்தியமா சொல்றேன்டி!"

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?"

இளையவள் துணியை எடுத்து இயந்திரத்தை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். மூத்தவளின் ஷிப்ட் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேசைகளைத் துடைக்கப் போனாள்.