கரை முடிகிற ஊர் வரை

படகு கவிழ்ந்த இடத்திலிருந்து நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்றார்கள். அதனால் அவளும் அவள் கணவனின் அண்ணனும் தெற்கே போனார்கள், ஊர் ஊராக, சவக்கிடங்கு சவக்கிடங்காக. கணவன் அந்த மீன்பிடிப் படகில் சமையல்காரன். படகு முதலாளி இரண்டு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு கை கழுவிவிட்டார். மொழி தெரியாத நாட்டில் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர், கணவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மீன் வேன் டிரைவர்.

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு கழுவினாலும் போகாத கவிச்சி. ஒரு பக்கம் கடல் கூடவே வந்தது. மணலில் வண்ணக் குடைகளுக்குக் கீழே ஜனங்கள் படுத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் வீட்டுக்காரன் குழம்புல உப்பே போட மாட்டாம்மா," என்றார் டிரைவர். "கேட்டா, சுத்தி இவ்ளோ உப்பு இருக்கு, இன்னும் வேணுமாம்பான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் ஊரில் ஒரு கிழவரைக் காட்டினார்கள். அடுத்த ஊரில் யாருமே இல்லை. அதற்கடுத்த ஊரில் ஒரு சிறுமி. அங்கே வாசற்படியில் உட்கார்ந்தவளை எழுப்பிக் கூட்டிவர வெகு நேரமானது.

நான்காவது ஊரில் ஆஸ்பத்திரி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. கீழ்த்தளத்தில், ரப்பர் உறை போட்ட ஊழியன் இரும்பு டிராயரை இழுத்தான். முகம் முகமாக இல்லை. கணவனின் அண்ணன் தையற்காரர். தம்பி பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவனுக்குச் சட்டை தைத்தவர் அவர்தான். குனிந்து பார்த்தார்.

"அவன்தான்," என்றார்.

டிரைவர் அதை அந்த ஊர் மொழியில் சொன்னதும் ஊழியன் காகிதத்தை எடுத்தான். அவள் கிட்டே போனாள்.

"இல்ல."

"அவன்தாம்மா. தண்ணியில ஊறினா எல்லாம் மாறிடும்."

"தோளுமா மாமா? நீங்கதானே அளவெடுத்துத் தைச்சீங்க. இந்தத் தோளுக்குள்ள உங்க தம்பி மாதிரி ரெண்டு பேர் அடங்குவாங்களே."

அவர் வெளியே போய்விட்டார். அவள் பின்னால் போனபோது குழாயடியில் கையைக் கழுவிக் கழுவி நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. எதையாவது கொண்டுபோய் வெச்சா அழுது தீர்த்துடுவா. மூடின பெட்டிய யாரு திறந்து பாக்கப் போறா?"

"இவரத் தேடிட்டும் ஒருத்தி வந்துட்டு இருப்பா மாமா. அவ வந்து நிக்கும்போது இங்க யாரு இருப்பா?"

அவர் சுவரோடு சரிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டால் வாயை அடைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைத் திருகி மூடினாள்.

பாக்கி இருந்தது ஒரே ஊர். அங்கேயும் இல்லை. அந்த ஊர்ச் சவக்கிடங்குக் காவலாளி டிரைவரை வாசலுக்குக் கூட்டிப்போய், கலங்கரை விளக்கம் நின்ற பாறையைக் கைகாட்டி ஏதோ சொன்னார். டிரைவர் திரும்பி வந்தார்.

"இதுக்கப்புறம் ஊரே இல்லையாம்மா. வெறும் கடல்தானாம்."

மாமியாருக்கு அவளேதான் போன் போட்டாள். அண்ணன் போனைத் தொடவே மறுத்துவிட்டார்.

"எல்லா இடமும் பார்த்துட்டோம் அத்தை. அவர் கிடைக்கல."

அந்தப் பக்கமிருந்து இத்தனை நாள் இல்லாத தெம்போடு குரல் வந்தது.

"கிடைக்கலயா? அப்ப எங்கயோ கரையேறிட்டான்டி! எவனாவது புண்ணியவான் வீட்டுல வெச்சுப் பாத்துட்டிருப்பான். நீங்க கிளம்பி வாங்க. அவன் தானா வந்து சேருவான்."

குரல் அண்ணனுக்கும் கேட்டது. அவர் தரையைப் பார்த்தார். இல்லை அத்தை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"சரி அத்தை," என்றாள். "நீங்க ஏதாவது சாப்பிடுங்க."

"சாப்பிடறேன். இதோ எழுந்துட்டேன் பாரு," என்றாள் மாமியார்.