சந்தனம் அடைத்த கருவி

குளத்து நாற்றம் விழாப் பந்தலுக்குள் வரக்கூடாதென்று ஆய்வு மைய இயக்குநர் புகழேந்தி நாலு மூலையிலும் ஊதுவத்தி கொளுத்தச் சொல்லியிருந்தார். இப்போது அழுகிய முட்டைக்கு மல்லிகை சூட்டினாற்போல் வீசியது. அவருடைய ஆய்வு உதவியாளர் அருள்மொழி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பாகூருக்குப் பக்கத்துக் குளம் அது. தண்ணீரா, பச்சை பெயின்ட்டா என்று சத்தியம் செய்ய முடியாது. போன வாரம் இதைக் குடித்த ஆடுகள் நுரை தள்ளிச் செத்தன. அன்றிலிருந்து மகாலட்சுமி தன் சினைப்பசுவுக்குத் தெருக்குழாயில்தான் குடம் பிடித்தாள். இன்றைக்குக் குழாயில் வெறும் காற்று.

"இன்னாம்மா, கொளத்துத் தண்ணி நல்லதான்னு இன்னிக்காவது சொல்லிடுவீங்களா? மாடு நாக்கத் தொங்கப்போட்டு நிக்குது."

"இதோ ஆச்சுக்கா," என்றாள் அருள்மொழி.

தண்ணீரைச் சோதிக்க அவர்கள் புதிதாகச் செய்திருந்த கருவி சோப்புப்பெட்டி அளவு. உள்ளே தலைமுடியைவிடச் சன்னமான வாய்க்கால்கள். துளையில் ஒரு சொட்டு விட்டால் போதும்: நஞ்சுப்பாசி இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் நீலம். பச்சை எரிந்தால் கருவி இன்னும் தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

புது வண்டிக்குச் செய்வதை இதற்குச் செய்யாமல் விடலாமா? "அறிவியலும் ஆன்மிகமும் என் இரு கண்கள்," என்று மைக்கில் முழங்கிய இயக்குநர், கட்டைவிரல் நிறையச் சந்தனம் அள்ளிக் கருவியின் நெற்றியில் அப்பினார். கருவிக்கு ஏது நெற்றி? சந்தனம் துளையில் இறங்கியது. மேலே குங்குமம்.

"சார், அதான் தண்ணி போற வழி..."

"நல்ல காரியத்துல குறுக்கப் பேசாதம்மா."

கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி ஒரு சொட்டு விட்டார். அது குங்குமத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. விளக்கு பச்சையிலேயே நின்றது.

"பச்சை! குளம் பரிசுத்தம்!"

கைதட்டல். பொன்னாடை. மகாலட்சுமி கயிற்றை விட்டாள். பசு குளத்தைப் பார்த்து ஓடியது.

அருள்மொழி பாய்ந்து, முழங்கால் ஆழத்தில் குறுக்கே நின்று, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சளி மாதிரி பாசி காலில் வழிந்தது.

"உன் மிஷினே நல்லாருக்குன்னுது, நீ இன்னாத்துக்கு என் மாட்டத் தள்ளுற?"

அருள்மொழி ஒரு கையால் பசுவைப் பிடித்தபடி, கைப்பையில் மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு கருவியை எடுத்துச் சொட்டு விட்டாள். சற்று நேரத்தில் சிவப்பு எரிந்தது.

"அப்ப அங்க இருக்கறது?"

"அதுக்கு வாய அடச்சிட்டாங்கக்கா."

மகாலட்சுமி பசுவை இழுத்துக்கொண்டு நேரே பந்தலுக்குள் போனாள். விருந்தினருக்கு வைத்திருந்த கேன் தண்ணீரைத் தூக்கி அண்டாவில் கவிழ்த்தாள்.

"ஏம்மா, அது வி.ஐ.பி. தண்ணி!" என்று பதறினார் இயக்குநர்.

"குளந்தான் பரிசுத்தம் ஆயிடுச்சே சார். நீங்க அதுல குடிங்க."

பசு மூச்சுவிடாமல் உறிஞ்சியது. பொன்னாடையைச் சரிசெய்துகொண்ட இயக்குநர் குளத்துப் பக்கம் திரும்பவே இல்லை. பாசியோடு வந்து நின்ற அருள்மொழியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஊதுவத்தி அணஞ்சிடுச்சா பாரும்மா."