மறுபக்கம் காலியாக இருந்தது

தெருவில் அவருக்கு அகராதி என்றுதான் பெயர். தொழிலைப் பார்த்து வைத்ததா, குணத்தைப் பார்த்து வைத்ததா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான்.

அவர் பதினாறு வருடங்களாகப் போய்வரும் அலுவலகத்தில் ஒரே ஒரு வேலைதான் நடக்கிறது. நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் இங்கிலீஷ் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி வளர்ந்தன, நடுவில் என்னென்ன சேட்டை செய்தன என்று தமிழில் எழுதிவைக்கிறார்கள். பழைய பொருள் முதலில், இன்றைய பொருள் கடைசியில். இன்று யாரையாவது ‘நைஸ்’ என்றால் பூரித்துப்போகிறார். எழுநூறு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார், அப்போது அதற்கு முட்டாள் என்று பொருள். குறும்புப் பிள்ளையை ‘நாட்டி’ என்கிறோம். ஆதியில் அது கையில் ஒன்றுமில்லாத ஏழையைக் குறித்தது. இதையெல்லாம் கண்டுபிடிக்க மூன்று பேருக்குச் சம்பளம் தருகிறார்கள், உலகம் அவ்வளவு நல்லது.

அங்கே தலைமைப் பதிப்பாசிரியர் ஒரு அம்மா. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவதால் கத்தரி என்று பெயர். ஒரு சொல்லை யாராவது நிஜமாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும், யார், எங்கே, எந்தத் தேதியில் என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும், நாமாக உட்கார்ந்து ஜோடித்த உதாரணம் செல்லாது. இது அந்த அம்மாவின் முதல் சட்டம். பெட்டிக்குள் போன சீட்டு எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது என்பது இன்னொன்று. தீப்பிடித்தால்கூட முதலில் கத்தரியைக் கேட்க வேண்டும். ஆனால் அகராதியின் குடும்பத்தில் குழப்பம் விளைவித்தது வேறொரு சட்டம். சீட்டுக்குப் புதுத் தாள் வாங்கக் கூடாது. ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் காலியாக இருக்கும் தாளைத் தேடிப் பிடித்து, நான்காக வெட்டி, காலிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

பதினாறு வருடம் இப்படி வாழ்ந்தால் மனிதன் என்ன ஆவான்? கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் யாரென்று பார்க்க மாட்டார். திருப்பி மறுபக்கத்தைப் பார்ப்பார்.

அந்த வாரம் இங்கிலீஷ் ‘என்’ எழுத்து முடிய வேண்டும், அலுவலகத்தில் பழைய தாள் தீர்ந்துவிட்டது. காலையில் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜையின் மேல் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு கண்ணில் பட்டது. திருப்பிப் பார்த்தார். எழுபத்தெட்டுத் தாள், எழுபத்தெட்டின் மறுபக்கமும் பளிச்சென்று காலி. அவருக்கு ஜென்ம சாபல்யம். மதியத்துக்குள் அது முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டாகி, நைஸும் நாட்டியும் நிக்நேமும் எழுதப்பட்டு, கத்தரியின் கையெழுத்து வாங்கி, இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

அவருடைய மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். லேபுக்குத் தலைமையாக வர ஒரு பரீட்சை உண்டு. ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டாவது முறை மூன்றே மார்க்கில் கைநழுவிப்போயிருந்தது. அடுத்தது ஒன்பது நாளில்.

“மேஜை மேல ஒரு கட்டு இருந்துச்சே, பாத்தீங்களா?” என்றாள் அன்று சாயங்காலம்.

“ஓ, அதுவா! ஒண்ணும் தொலையலை. அகரவரிசையில பத்திரமா இருக்கு.”

“அது என் நோட்ஸுங்க. பரீட்சைக்கு எழுதினது.”

“மறுபக்கம் காலியா இருந்துச்சே!”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “சரி. இந்த இடத்துல ஒரு மனுஷன் என்ன சொல்லணும்?”

நானாக இருந்தால் காலில் விழுந்திருப்பேன். அகராதியோ அதை நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

“‘ஸாரி’ன்னு சொல்லணும். அருமையான சொல்லு. அதோட வேரைப் பாத்தா புண், வலின்னு அர்த்தம். துக்கத்துக்கு ‘ஸாரோ’ன்னு ஒண்ணு இருக்குல்ல, ரெண்டையும் பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா ரத்த சம்பந்தமே கிடையாது! உனக்கு ரத்தம்னா புரியும்.”

“நான் வரலாறு கேக்கலை. அதை நீங்க என்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?”

“எத்தனையோ தடவை!”

“தேதி?”

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வியை அவரிடமே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘ஸாரி: மன்னிப்புக் கேட்கும் சொல். இந்த வீட்டுக்காரரின் வழக்கு: கல்யாணத்தன்று, போட்டோக்காரர் காலை மிதித்தபோது. அடுத்த வருடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம். ஆறு வருடம் முன்பு, விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டு, கம்பத்திடம். மனைவியிடம் சொன்னதற்குச் சான்று இல்லை. குறிப்பு: வழக்கொழிந்தது.’

படித்து முடித்ததும் அவருக்கு முதலில் வந்தது கோபமில்லை, பெருமை. வடிவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம்தான் கடைசிச் சொல் உறுத்தியது. கம்பத்துக்குக் கிடைத்தது கட்டின மனைவிக்குக் கிடைக்கவில்லையா? தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி, “ஸாரி!” என்று உரக்கச் சொன்னார். அவள் பேனாவோடு வந்து சீட்டின் அடியில் ‘ஜோடித்த உதாரணம்’ என்று எழுதிவிட்டுப் போனாள். அதோடு பேச்சு நின்றது. நோட்ஸ் கைக்கு வரும்வரை அந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் அவருக்குக் குரல் கொடுத்தது.

அவர் கத்தரியிடம் ஓடினார்.

“சீட்டு வெளிய போகாது,” என்றார் கத்தரி, தலை நிமிராமல்.

“ஜெராக்ஸ் எடுத்துக்கிறேம்மா.”

“மெஷின் கசக்கிடும். போன தடவை ‘மங்கி’யை முழுங்கிடுச்சு, ஞாபகம் இருக்கா?”

போனையும் வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், ஆகவே போட்டோ என்ற பேச்சுக்கே இடமில்லை. கையால் நகல் எடுப்பதற்கு மட்டும் தடையில்லை. நான்கு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அலுவலகம் முடிந்த பிறகும் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி எழுதினார். சிறுநீரகப் பாடத்தின் கால்வாசி நைஸுக்குப் பின்னால் இருந்தது, இன்னொரு கால்வாசி மூக்கு ஓட்டை என்று பிறந்த ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லுக்குப் பின்னால். ஈரலின் கடைசித் துண்டு ‘நைட்மேர்’ என்ற கெட்ட கனவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கும் பேய்தான் அந்தச் சொல்லின் மூலம். அந்த நாலு நாளும் அகராதியின் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு சொல் பேசாமல் எழுந்துபோவது அவருக்குத் தாங்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. நூல் கோத்து, அட்டை போட்டு, மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

அவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள். ‘அதனால்’ என்று ஆரம்பித்தது. அடுத்த பக்கமும் ‘அதனால்’. முதல் ஒன்பது துண்டும் ‘அதனால்’ என்றே ஆரம்பித்தன. எதனால் என்பது ‘ப’ வரிசைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது.

மனிதர் எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கியிருந்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. கைக்குக் கட்டுத் தாள் கிடைத்தால் அது அகரவரிசைக்குத்தான் போகும், அவருக்கு வேறு வரிசை தெரியாது. அவள் அட்டையை மூடினாள். அழுவாளோ என்று பயந்தார். அழவில்லை, ஒரு தாளை எடுத்து லேபுக்கு லீவு எழுதினாள். பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை அவள் நேராகக் கத்தரியின் மேஜை முன்னால் போய் நின்றாள். “சீட்டு வெளிய வராதுன்னு சொன்னீங்களாம். நான் உள்ள வரலாமாம்மா?”

கத்தரி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். “அதுக்குச் சட்டத்துல தடை எதுவும் இல்ல.”

மின்விசிறியை அணைத்தார்கள், பறந்துவிடக் கூடாதே. ‘என்’ எழுத்துப் பெட்டி முழுவதையும் தரையில் கவிழ்த்து, நோட்ஸ் பக்கம் மேலே தெரியும்படி பரப்பி, வெட்டின விளிம்பை விளிம்போடு பொருத்தி, பக்கம் பக்கமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவள் ஒரு மூலையில், அகராதி எதிர் மூலையில் முட்டி போட்டுக்கொண்டு. வியர்வை சொட்டியது. இன்னமும் அவள் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. கத்தரியிடம் மட்டும் பேசினாள், “மண்ணீரல் அந்தப் பக்கம் இருக்காம்மா?” என்று.

பதினைந்தாவது பக்கத்தைச் சேர்க்கும்போதுதான் அகராதி அதைப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும், ரத்தம் பிடிக்கும் டியூபில் ஒட்டுவது மாதிரி, குட்டி எழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. நகல் எடுத்தபோது இதைப் பாடமில்லை என்று விட்டுவிட்டார். தேதி இல்லாத சான்று செல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், தேதியை மட்டும் பார்த்துப் பார்த்து விட்டிருந்தார்.

‘காலை 4.10. தண்ணி வர்றதுக்கு முன்னாடி.’ ‘காலை 4.15. அவரோட சட்டையைத் தேய்ச்ச பிறகு.’ ‘காலை 3.50. அவருக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துட்டு.’ ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். எழுபத்தெட்டுப் பக்கம், எழுபத்தெட்டு விடியற்காலை. அவளுக்குச் சீக்கிரம் எழுந்திருப்பது பிடிக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறார்.

இதையெல்லாம் அவர் ஒரு காலையில், இருபதே நிமிடத்தில் நான்காக வெட்டினார். வெட்டும்போது மெல்ல ஒரு பாட்டு வேறு முணுமுணுத்தார்.

கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். கையில் இருந்த துண்டைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, “ஸாரிம்மா,” என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. வேர், புண், வலி எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை.

அவள் கை நின்றது.

“யாருகிட்ட சொல்றீங்க? கம்பத்துக்கிட்டயா?”

ஆறு நாளுக்குப் பிறகு கேட்ட குரல். அகராதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “உன்கிட்டதான்.”

அவள் கத்தரியைப் பார்த்தாள். “நீங்களும் கேட்டீங்களாம்மா?”

“கேட்டேன்,” என்றார் கத்தரி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அகராதியை ஒருமுறை அளந்துவிட்டு. “ஜோடிச்ச மாதிரி தெரியல.”

அவள் கைப்பையைத் திறந்தாள். ஃபிரிட்ஜில் இருந்த சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். தரையிலேயே வைத்து அன்றைய தேதியை எழுதினாள். ‘வழக்கொழிந்தது’ என்பதை அடித்தாள். கொஞ்சம் யோசித்து, அதன் மேல் ‘அருகிய வழக்கு’ என்று எழுதினாள். செத்துவிடவில்லை, எப்போதாவது வரும்.

சந்தோஷத்தில் அகராதி துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் முட்டி பட்டு ஈரல் முழுவதும் மண்ணீரலோடு கலந்துவிட்டது.

“ஐயோ, ஸாரி! ஸாரி!”

“ஒரே ஆள், ஒரே நாள்,” என்றார் கத்தரி. “எத்தனை தடவை சொன்னாலும் ஒரு சான்றுதான்.”

இரண்டு நாளில் எழுபத்தெட்டுப் பக்கமும் தரையில் சேர்ந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்து படித்தாள், அவர் கைவிசிறியைச் சீட்டுகள் பறக்காதபடி ஓரமாக ஆட்டினார். பரீட்சையில் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பெரிய கேள்வி. மறந்துபோகும்போலிருந்த இடத்தில் முட்டாளையும் மூக்கு ஓட்டையையும் நினைத்துக்கொண்டாளாம், பாடம் வரிசையாக வந்து நின்றதாம். இந்தத் தடவை பதினோரு மார்க் மிச்சத்தில் தேறினாள்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் அவர் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனார். சீட்டு பழைய இடத்துக்கே வந்திருந்தது. ‘அருகிய வழக்கு’ என்பதை இன்னொரு முறை ஆசையாகப் படித்தார். பிறகு கை பழக்கத்தில் அதைத் திருப்பியது.

மறுபக்கம் காலியாக இல்லை. ‘தேங்க்ஸ்: நன்றி சொல்லும் சொல்,’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ‘மனைவியிடம்:’ என்று போட்டு, தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.

‘தேங்க்’கும் ‘திங்க்’கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, அவள் இருந்த அறைக்கு நடந்தார்.