எலிக்கண்ணில் மஞ்சள் புள்ளிகள்

ஆய்விதழுக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: "உங்கள் எலிகளுக்கு வேறு கண் கோளாறு இல்லை என்று சோதித்தீர்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணுக்குள் சேரும் கொழுப்பை அப்புறப்படுத்தும் மரபணுவை எலிகளில் வேலை செய்யாதபடி அணைத்திருந்தோம். விழித்திரைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புப் புள்ளிகள் விழுந்தன, வயதானவர்கள் கண்ணில் விழுவதைப் போலவே. அணைக்காத எலிகளின் கண் சுத்தம். இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

அந்த மரபணுவைத் தட்டியெழுப்பும் மருந்து வேண்டும், என் சித்திக்கு. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அதே புள்ளிகளால் அவளுக்கு ஒரு கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. இன்னொன்றாவது தப்ப வேண்டும். கட்டுரை வெளிவந்தால்தான் மருந்துக் கம்பெனி பேசவே வரும்.

மதிப்பீட்டாளரின் மூக்கை உடைப்பதற்காகவே எலிகளின் வால் நுனியை வெட்டி மரபணுச் சோதனைக்குப் போட்டேன். உடைந்தது என் மூக்கு. பக்கத்து ஆய்வகத்தில் சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிய எலிகளில்தான் மரபணுவை அணைத்திருந்தோம். அந்த வம்சத்துக்கே வேறொரு கண் மரபணு பிறவியிலேயே பழுது. புள்ளிகள் அதனால் வந்திருக்கலாம். ஒப்பிட வைத்திருந்தவையோ விலைக்கு வாங்கிய வேறு வம்சம். அவற்றின் கண் சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். எலியையாவது பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

"மறுபடி முதல்லேர்ந்து வளர்க்கணும்மா" என்றார் பேராசிரியர், எலித்தீனி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில்.

"அதுவரைக்கும் எங்க சித்தி கண்ணு காத்துக்கிட்டிருக்குமா சார்?" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சித்தி மேசையருகே உட்கார்ந்திருந்தாள். "என்னடி எலிக்காரி, மருந்து எங்க?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நான் இங்க புலம்பிக்கிட்டிருக்கேன், நீ செவுத்தப் பாக்குற! கோவம்னா திட்டிடு சித்தி."

"கோவமெல்லாம் இல்லடி. நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. செவுத்தப் பாத்தா ஓரத்துல கொஞ்சம் தெரியுற."

"இன்னொரு கண்ணுமா? எப்பலேர்ந்து?"

"எலிக்குப் புள்ளி வந்துடுச்சுன்னு குதிச்சுக்கிட்டு வந்தியே, அப்பவே. அவ்ளோ சந்தோஷமா இருந்த. சொல்ல மனசு வரல."

நான் எழுந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்த சுவருக்கு முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்க்க, சித்தி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.