ராஜு கிராணி கழற்றிய கண்ணாடி

மலாயாவில், பீடோர் ஊருக்கு உள்ளே நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கணக்கும் ஆள் பட்டியலும் எழுதிய ராஜு கிராணி மிகவும் விசுவாசமான மனிதர். யார் ஆள்கிறார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஜப்பான்காரர்கள் வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது வெள்ளைக்காரத் தொரை காரேறிச் சிங்கப்பூருக்கு ஓடினார். தோட்டத்து லோரி எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். கிராணி ஆட்களைத் திரட்டி, ஆலைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் அதைத் தள்ளிவிட்டார். தள்ளுமுன் தொப்பியைக் கழற்றி மன்னரை வாழ்த்தினார். பன்னிரண்டு நாள் கழித்துப் பெரிய சாலையோரம் நின்று சூரியக் கொடியை ஆட்டினார். கை வலிக்கிறது என்று அடுத்தவரிடம் கொடுக்கக்கூட இல்லை. ஜப்பானிய மொழி கற்கும் கிளாசிலும் முதல் ஆளாகச் சேர்ந்தார்.

1943-இல் ஆள் சேர்க்க ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். அவருக்கு மலாய் தெரியும். தோட்டத்தில் வண்டி உண்டா என்று கேட்டார்.

"துவானுக்காகவே ஒரு லோரியை ஒளித்து வைத்திருக்கிறோம்" என்றார் கிராணி. வெள்ளைக்காரத் தொரையைக் கூப்பிட்ட அதே 'துவான்'தான்.

"யார் சரி பண்ணுவது?"

"நானேதான், துவான்."

அதிகாரி ஒரு மாதம் கெடு கொடுத்தார்.

நாற்பது பேர் கயிறு கட்டி இழுத்ததில் லோரி மேலே வந்தது. அதைப் பதினோரு வருஷம் ஓட்டிய அப்பாவுவை மரவள்ளித் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள். ரப்பருக்கு மதிப்பில்லாமல் போனபின் அவனும் அவன் பெண்டாட்டி கருப்பம்மாளும் அங்கேதான் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவு வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"கேபினுக்கு அடியில சட்டம் வெடிச்சிருக்குங்கய்யா. கேபினத் தூக்கினாத்தான் கை வைக்க முடியும். அதுக்கு முன்ன கண்ணாடியெல்லாம் எறக்கிடணும்."

"கண்ணாடிக்கு என்னாடா? நல்லாத்தானே இருக்கு."

"தூக்குறப்போ கூண்டு முறுக்கும். தகரம் தாங்கும், கண்ணாடி தாங்காது. ஒடஞ்சா ஈப்போ முழுக்கத் தேடினாலும் இப்ப வேற கெடைக்காது."

கிராணிக்கு மனமில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஈப்போ கடைத்தெருவில் போவதாக அவர் ஏற்கெனவே கற்பனை செய்து முடித்திருந்தார். கடைசியில், "சரி, நான் சொல்ற மாதிரி கழட்டு" என்றார்.

"சொல்லுங்கய்யா."

கிராணி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மொதல்ல, கழட்டு" என்றார்.

முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. அப்பாவு பால்வெட்டும் கத்தியால் அதைக் கீறிக்கீறி எடுத்தான். கருப்பம்மாள் உள்ளே உட்கார்ந்து, சாக்கை மடித்துக் கண்ணாடியின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல அழுத்தினாள். அரை நாள் கழித்து அது ஒரு கீறல் இல்லாமல் அப்பாவுவின் கைக்கு வந்தது. இடதுபக்கக் கதவின் கைப்பிடியைக் கழற்றி, உள்தகட்டை நீக்கி, கண்ணாடியைச் சாய்த்து மேலே உருவினான். இரண்டையும் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்தார்கள். கழற்றிய திருகுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் போட்டான். எழுத வராதாகையால் ஒவ்வொரு சிரட்டையிலும் கரித்துண்டால் படம் வரைந்தான்: கதவு, ஸ்டியரிங், மிதிக்கட்டை. கிராணி ஏறுபடியில் நின்றுகொண்டு, நடந்து முடிந்ததையெல்லாம் உத்தரவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வலதுபக்கக் கண்ணாடி துருவில் சிக்கி அசையவில்லை.

"ரெண்டு நாள் எண்ணெ ஊறட்டும்ங்கய்யா."

"கண்ணாடி எறக்க ரெண்டு நாளா? தள்ளு." கிராணி கைப்பிடியின்மேல் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். கண்ணாடி ஒரு மூலையில் வெடித்து, சலசலவென்று கதவுக்குள்ளேயே கொட்டியது. கிராணி தன் விரல்களை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

"பாத்தியா, நீ ஒழுங்கா எண்ணெ விடல."

"ஐயா கைய வைக்காம இருந்தா ஒடஞ்சிருக்காது" என்றாள் கருப்பம்மாள்.

கிராணியின் முகம் சிவந்தது. "வாய அடக்கு. இந்த லோரி எதுக்குன்னு தெரியுமா? சயாம்ல ரயில் பாதை போட ஆள் ஏத்த. அங்க போனவன் எவனும் இன்னும் திரும்பல. மொத நடை தாப்பா ரோடு ஸ்டேசனுக்கு. இருபத்தஞ்சு பேரு. பேர் எழுதுறவன் நான். ஒம் புருசன் பேரு மொத ஆளா இருக்கு."

அன்று சாயங்காலம் ஆட்கள் குடியிருந்த லயத்து வாசலில் கருப்பம்மாள் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்கள ஏத்திக்கிட்டுப் போவ நீங்களே செஞ்சு குடுக்கணுமா?"

"செய்யலேன்னா ஜப்பான்காரன் அடிச்சே கொல்லுவான்."

"அப்ப மெதுவாச் செய்யிங்க."

கேபினைப் பிடித்திருந்த நாலு போல்ட்டுகளைக் கழற்ற அப்பாவு ஆறு நாள் எடுத்துக்கொண்டான். ஸ்டியரிங் தண்டு மூன்று நாள் தின்றது. பிறகு இரண்டு கம்பங்களுக்குக் குறுக்கே மரம் போட்டு, கப்பியும் சங்கிலியும் மாட்டி, கேபினைத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பாகவே அதிகாரி வந்து இறங்கினார்.

கிராணி இடுப்பை மடித்துக் கும்பிட்டார். அதிகாரி தொங்கும் கேபினைப் பார்த்தார். சிரட்டைகளுக்கு முன் குந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கரிப்படங்களை ஆராய்ந்தார். கொட்டகைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்து முன்கண்ணாடியை விரலால் தடவினார்.

"இதெல்லாம் யார் வேலை?"

"என் வேலை, துவான். ஒவ்வொரு திருகும் இந்தக் கையால் கழற்றியது."

அதிகாரி வலதுகதவைக் குலுக்கினார். உள்ளே சில்லுகள் சத்தமிட்டன. "இது?"

"அது அப்பாவு, துவான். முரட்டுக் கை."

அதிகாரி அப்பாவுவின் கன்னத்தில் மாறி மாறி இரண்டு அறை விட்டார். கருப்பம்மாள் முன்னால் வந்து வாயைத் திறந்தாள். அப்பாவு உதட்டு ரத்தத்தைத் துடைக்காமல், "பேசாத" என்றான். இன்னும் அடி விழுமே என்ற பயத்தில்தான் சொன்னான். வேறு யோசனை எதுவும் அப்போது அவனுக்கு இல்லை.

அதிகாரி கிராணியின் தோளைத் தட்டினார். "சயாமில் எங்கள் வண்டிகள் பழுதாகிக் கிடக்கின்றன. இப்படி ஒழுங்கான கை அங்கே தேவை. முதல் நடையில் நீ போகிறாய். கண்ணாடி உடைக்கிறவன் அங்கே வேண்டாம். அவன் இங்கேயே லோரியை ஓட்டட்டும்."

பட்டியலை வாங்கி அப்பாவுவின் பெயரை அவரே அடித்தார். அந்த இடத்தில் பெயர் எழுதச் சொல்லிக் கிராணியிடம் நீட்டினார். கிராணியின் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று தோட்டமே சொல்லும். அன்று தன் பெயரை எழுத அவருக்கு மூன்று தடவை ஆயிற்று.

அந்தி சாயுமுன் அவர் லயத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்பாவு, நீ போயி உண்மையச் சொல்லிடு."

"சொன்னா நான் போவணும்ங்கய்யா."

"நாமெல்லாம் ஒரே தோட்டத்து ஆளுங்கடா."

"அது ஐயாவுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சா?" என்றாள் கருப்பம்மாள்.

ஒன்பதாம் நாள் லோரி கிளம்பியது. முன்கண்ணாடி பளபளத்தது; வலதுகதவில் பலகை அடித்திருந்தது. கிராணி அப்பாவுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இருபத்துநாலு பேர். எல்லாரும் அப்பாவு அறிந்த முகங்கள். பக்கத்து லயத்து மாயாண்டி பெண்டாட்டியை இழந்தவன். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் கருப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவு திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் வண்டியை ஓட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டேசனில் வேறு சிப்பாய்கள் இருந்தார்கள். கிராணி அப்பாவுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இவங்ககிட்டயாவது சொல்லுடா."

"எனக்கு இவங்க பாஷ தெரியாதுங்கய்யா. நீங்கதானே ஜப்பான் கிளாசுக்குப் போயிக் கத்துக்கிட்டீங்க."

"ஒனக்கு இரக்கமே இல்லியா?"

"மாயாண்டிக்கு ரெண்டு புள்ள. அவன் பேர எழுதுறப்போ நீங்க யாரக் கேட்டீங்க?"

திரும்பி வரும் வழியில் அப்பாவு ஆற்றுப் பாலத்தில் நின்று அழுதான். தோட்டத்துக்கு வந்ததும் இஞ்சினிலிருந்து ஒரு சின்னச் சாமானைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, வண்டி செத்துப்போயிற்று என்றான். அடித்தார்கள். அடித்தும் இஞ்சின் கிளம்பவில்லை. சரி பண்ணத் தெரிந்த நிபுணரைத்தான் சயாமுக்கு அனுப்பியாயிற்றே. இரண்டாம் நடை ஆட்களை ஸ்டேசனுக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். போகிற வழியில் பதினோரு பேர் ரப்பர் மரங்களுக்குள் புகுந்து மறைந்தார்கள்.

போர் முடிந்தபின் கிராணி திரும்பி வந்தார். சயாமில் ஒரு வண்டியையும் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. மண் சுமந்து காலெல்லாம் புண்ணாகி, பாதி உடம்பாக வந்தார். ஆனால் கை மட்டும் பழையபடி முத்துமுத்தாக எழுதியது. தோட்டத்து லோரியை எதிரி பயன்படுத்தவிடாமல் காத்தது தாம்தான் என்று புதுத் தொரைக்கு இரண்டு பக்கம் மனு எழுதினார். தொரை கைகுலுக்கி அவருக்குப் பழைய மேசையைக் கொடுத்தார்.

முதல் நடையில் போன மற்ற இருபத்துநாலு பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள். மாயாண்டி வரவில்லை. அவன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அப்பாவுவும் கருப்பம்மாளும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்குக் குடிபோனார்கள்.