ஆயில் உறிஞ்சும் டப்பா

என் ஜீப்பின் ஆயில் சேம்பருக்கு அடியில் ஒரு நட்டு உண்டு. அதைக் கழற்றினால் பழைய ஆயில் வெளியே கொட்டும் என்பது உலக வழக்கம். என் ஜீப்பில் கொட்டாது. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்த பதினாறு பேரும் பதினாறு விதமான ஸ்பானரைப் போட்டுத் திருகி, அந்த நட்டைப் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மாதிரி மழுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பிடிக்கிற ஸ்பானர் எங்கள் கச்சிராயபாளையத்தில் இல்லை, கள்ளக்குறிச்சியில் இல்லை, ஜெர்மனியில் இருந்திருந்தாலும் நட்டைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கும்.

"சேம்பரையே எறக்கணும் சார். ரெண்டு நாளு ஆவும்," என்றான் மெக்கானிக் சுப்புராயன்.

"ரெண்டு நாளா? நான் மின்வாரியத்துல இருந்தப்ப டிரான்ஸ்பார்மரையே அரை நாள்ல எறக்கினவன்யா."

"அப்ப இதையும் நீங்களே எறக்கிக்குங்க."

வண்டிக்கு அடியில் நான் நுழைந்து பல வருஷமாகிறது. நுழைய முடியும், வயிறுதான் வெளியே நின்றுவிடும். சுப்புராயனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். அந்தக் கோபத்தில் போனை எடுத்துத் தேடினேன். கண்டுபிடித்தேன். அடியில் படுக்கவே வேண்டாம். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிவிட்டு, அந்தத் துவாரத்தில் ஒரு மெல்லிய குழாயை விட வேண்டும். மறு முனையில் ஏழு லிட்டர் டப்பா. டப்பாவின் தலையில் கைப்பம்பு. நாலு தடவை அடித்தால் டப்பாவுக்குள் இருக்கும் காற்று போய், ஆயில் தானே ஏறி வந்துவிடும். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் முடித்தார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. அந்தப் படத்தை நாற்பது தடவை பார்த்தேன். புது பேட்டரி வாங்குவதற்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை அப்படியே டப்பாவுக்குத் திருப்பிவிட்டேன்.

"செல்ஃப் எடுக்காத வண்டிக்கு பேட்டரி வாங்காம, இன்னாங்க இது, மண்ணெண்ணெ டின்னு?" என்றாள் போனில் படத்தைப் பார்த்த என் மனைவி அம்சவள்ளி.

"இது வேக்குவம்."

"உங்க தலைக்குள்ள இருக்கறதுதான வேக்குவம்?"

அது 2020 டிசம்பர். இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் அறிவித்திருந்த மாதம். ஊரில் ஐம்பது வயது தாண்டிய அத்தனை பேருக்கும் எண்பத்தேழாம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. ஏழு நாள் மறியல், ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரங்கள், நகராத லாரிகள். டீக்கடையில் ஒருவர், உளுந்தூர்பேட்டை வரை நூறு மரம் விழுந்து கிடந்தது என்றார். நான் ஆயிரம் என்றேன். நான் சொன்னதுதான் எடுபட்டது. சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றி, "செவ்வாக்கெழம ஒரு பஸ்ஸும் ஓடாதாம்" என்று என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. கேட்டு எனக்கே பயமாகிவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. என் மகள் தேவிப்ரியாவுக்கு நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. கல்வராயன் மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் அவஸ்தைப்பட்டு, மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை. பெட்டி, பாய், ஒரு மூட்டை அரிசி, மிக்சி என்று அம்சவள்ளி கட்டி வைத்திருந்ததைப் பார்த்தால் இரண்டு சக்கர வண்டி எதுவும் மலை ஏறாது. ஜீப்தான் ஒரே வழி.

டப்பாவின் பார்சல் விழுப்புரம் வரை பறந்து வந்து, அங்கே பதினோரு நாள் தவம் இருந்துவிட்டு, திங்கட்கிழமை மத்தியானம்தான் என் கைக்கு வந்தது.

"அப்பா, நாளைக்கு ஒரு நாளு இந்த ஆயிலோடவே போலாம்பா," என்றாள் தேவிப்ரியா.

"பழைய ஆயில்ல மலை ஏறினா இன்ஜின் பிடிச்சிக்கும்மா."

"போன மாசம் ஏறுச்சே?"

"அது போன மாசம்."

இதற்குமேல் பதில் சொல்ல முடியாத அளவுக்கு நான் தெளிவாகப் பேசியதால் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜீப் நிற்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். செல்ஃப் எடுக்காத வண்டி வைத்திருப்பவன் அதைச் சமதரையில் நிறுத்தமாட்டான். மலைக்கு ஓட்டுகிற எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம் இது. சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். காலையில் கல்லை உதைத்தால் வண்டி உருளும். கிளட்சை விட்டால் உயிர் வரும். என் ஜீப்புக்கு வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும் சரிவுதான் நிரந்தர முகவரி. அங்கேதான் நின்றது. அங்கேயே வேலையை ஆரம்பித்தேன்.

படத்தில் சொன்னபடி முதலில் வண்டியை உருட்டி எடுத்து ஒரு சுற்று சுற்றி, ஆயில் சூடாகி இளகியதும் மறுபடி அதே சரிவில் கொண்டுவந்து போட்டேன். கம்பியை உருவினேன். குழாயை விட்டேன். பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. அரை மணி நேரம் இன்ஜினோடு கயிறு இழுக்கும் போட்டி. பிறகு அதுவாகவே இறங்கியது. பம்பை அடித்தேன். நாலு தடவை என்று எழுதியிருந்தது. நானூறு தடவை அடித்திருப்பேன். தோள்பட்டை கழன்று கையில் வரும் சமயத்தில், குழாயில் கறுப்பாக ஒரு கோடு ஏறியது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! மலைக்கிராமத்துக்கு முதல் கரண்ட் கொடுத்த அன்றுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. தெருவே கூடிவிட்டது. சுப்புராயனும் பீடியோடு வந்து நின்றான்.

இரண்டரை லிட்டர் வந்தது. அதற்குமேல் 'கொர்ர்ர்' என்று காற்று மட்டும் வந்தது.

"ஆறு லிட்டரு புடிக்கிற வண்டி சார் இது. மீதி எங்க?" என்றான் சுப்புராயன்.

"பழைய இன்ஜின். குடிச்சிருக்கும்."

"மூன்றர லிட்டரா?"

"நம்ம ஊர்ல ஆளுங்க குடிக்கல?"

கூட்டம் சிரித்தது. சுப்புராயன் மட்டும் சிரிக்காமல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனை நான் பேசவிடவில்லை. புது ஆயில் டப்பாவை உடைத்து, ஆறு லிட்டரையும் சொட்டுவிடாமல் ஊற்றி, மூடியைத் திருகினேன். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. ஆறு லிட்டர் டப்பாவைக் கண் முன்னால் காலி செய்தவனுக்குக் கம்பி என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது?

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லை உதைத்தேன். பின்னால் மூட்டை முடிச்சு, முன்னால் வெள்ளை யூனிபார்மில் தேவிப்ரியா. பழைய ஆயிலைக் கொட்டிக் காலி செய்திருந்த உறிஞ்சும் டப்பாவை வீட்டில் வைக்கச் சொன்னாள். வைக்கவில்லை. மலையில் நாலு பேர் பார்க்கட்டும் என்று ஏற்றிக்கொண்டேன்.

அடிவாரம் தாண்டியதும் ஜீப் இருமியது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பின்னால் வெள்ளையாகப் புகை. நாலாவது வளைவில் நீலமாகப் புகை. ஆறாவது வளைவில் பின்னால் மலையே காணவில்லை. பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் மழை வருகிறது என்று வீட்டுக்குத் திரும்பியிருக்கும். இன்ஜினுக்கு மூச்சே இல்லை. முதல் கியரில் போட்டால் எங்களை முந்திக்கொண்டு ஒரு ஓணான் போனது. ஏழாவது வளைவில் கொஞ்சம் தட்டையான இடம் வந்ததும், ஜீப் எங்கும் எண்ணெய் வழிய, அதுவாக நின்றுவிட்டது.

மணி எட்டு நாற்பது.

தேவிப்ரியா கையில் ஆர்டர் இருந்த கவரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன்.

அப்போது மேலிருந்து ஒருவர் தோளில் மண்வெட்டியோடு இறங்கி வந்தார். அம்மாசி என்று பெயர் சொன்னார். இதே பாதையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவராம். இப்போது மரவள்ளி போட்டிருக்கிறார்.

"இன்னா சார், வண்டிக்கு சுருட்டு வாங்கிக் குடுத்தீங்களா?"

"நேத்துதான் ஆயில் மாத்தினேன்."

அவர் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் அளவுக்கோட்டையெல்லாம் தாண்டி, கம்பியின் கழுத்து வரை ஏறியிருந்தது.

"ரெட்டை வயித்துக்கு ஊத்தியிருக்கீங்க. பழச எடுக்கவே இல்லியா?"

டப்பாவைக் காட்டி விளக்கினேன். வெள்ளைக்காரர், வெள்ளைச் சட்டை, வந்தது இரண்டரை லிட்டர், ஊற்றியது ஆறு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"எடுக்கச்சொல வண்டி எங்க நின்னுச்சி?"

"சரிவுல. மூக்கு கீழ."

"அப்ப ஆயிலு பூரா முன்னால ஓடிப்போயிருக்கும் சார். உங்க கொழா பின்னால காத்த உறிஞ்சிக்கினு இருந்திருக்கும். செம்ப சாய்ச்சி வெச்சி ஸ்ட்ரா போட்டா எப்புடி?"

தேவிப்ரியா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வெள்ளைக்காரரின் தரை அரண்மனைத் தரை மாதிரி சமமாக இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொன்னால் எடுபடாது என்று டப்பாவின் தூசியைத் துடைத்தேன்.

"மூன்றர லிட்டரு ஜாஸ்தி. அத எடுத்தா ஓடும்," என்றார் அம்மாசி. "கீழ நட்டு கழறுமா?"

"அது கொழுக்கட்டை."

"அப்ப இந்த டப்பாவத்தான் போடணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஏற்றிக்கொண்டு வந்தேன்! குழாயை உள்ளே விட்டுப் பம்பை அடித்தேன். தட்டையான தரையில் அது வேலை செய்த அழகு இருக்கிறதே! நாலே அடி. ஆயில் கோமுகி அணையைத் திறந்துவிட்டதுபோல டப்பாவுக்குள் பாய்ந்தது. அம்மாசிக்கு அதன் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். காற்றழுத்தம், வெற்றிடம், மின்வாரியம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"அப்பா! நிறுத்துங்கப்பா!"

டப்பா விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ஏழு லிட்டர். மூன்றரை எடுக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஜீப்பின் வயிற்றில் இப்போது மிச்சம் இருப்பது ஒரு பூனைக்குக்கூடப் போதாது.

மணி ஒன்பது ஐந்து. தேவிப்ரியா என்னை ஒரு கையால் நகர்த்தினாள். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்தாள். இன்னொரு பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாக்கினாள். லிட்டர் பாட்டிலில் ஆயிலைப் பிடித்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல அளந்து அளந்து மூன்றரை பாட்டில் திருப்பி ஊற்றினாள். பழையதும் புதியதும் கலந்து காப்பி டிக்காஷனாகிக் கிடந்த ஆயில். அதைத்தான் ஊற்ற முடிந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் கம்பியைத் துடைத்துப் பார்த்தாள். வெள்ளை யூனிபார்ம் முழங்கை வரை கறுத்துவிட்டது.

மூன்றாவது பாட்டிலின்போது, கீழே வளைவில் ஹாரன் கேட்டது. கள்ளக்குறிச்சி பஸ். செவ்வாய்க்கிழமை ஓடாது என்று என் ஆயிரம் மரத்தால் ஊரே நம்பிய பஸ். பாதி சீட்டு காலியாக, பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறியது. தேவிப்ரியா பாட்டிலோடு ஓடிக் கையைக் காட்டினாள். ஏற்றத்தில் வேகம் பிடித்த பஸ் நிற்காது. நின்றால் மறுபடி ஏறாது. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாம்மா, எண்ண தேச்சிக் குளிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

"ஆயிரம் மரம்," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "ஆயிரம் மரம் விழுந்துச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சது யாரு? அந்தப் பஸ்ல போயிருந்தா நான் இப்ப அங்க ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருப்பேன்பா. மூணு வாட்டி பரீட்சை எழுதுனது நானு. நீங்க இல்ல."

மின்வாரியத்தில் எனக்குக் கொடுத்த மெமோக்களை எல்லாம் அடுக்கினால் மலை உயரம் வரும். ஒன்றுகூட இப்படிக் குத்தியதில்லை.

அளவு சரியாகிவிட்டது. ஆனால் வண்டி தட்டையில் நிற்கிறது. செல்ஃப் எடுக்காது. மேலே தள்ள ஆள் பலம் இல்லை. "ரிவர்ஸ்ல போடுங்க, பின்னால உருட்டலாம்," என்றார் அம்மாசி. அவரும் தேவிப்ரியாவும் முன்னாலிருந்து தள்ள, நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வளைவில் பின்பக்கமாக இறங்கினேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கச்சிராயபாளையம் முழுசாகக் கீழே தெரிந்தது. என் வீட்டு மொட்டை மாடியில் அம்சவள்ளி வடகம் காயவைத்திருந்ததுகூடத் தெரிந்தது. கிளட்சை விட்டேன். ஜீப் குலுங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

மணி ஒன்பது இருபத்தைந்து. அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டம் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன்: சக்கரம் தரையில் படவில்லை. தேவிப்ரியா ஆர்டர் கவரைப் பல்லில் கவ்வியிருந்தாள். கையால் தொட்டால் கறுத்துவிடும்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு அவள் உள்ளே ஓடினாள். நான் வாசலுக்கு வெளியே சரிவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டரம்மா அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஆக்சிடென்ட்டா?"

"இல்ல மேடம். ஆயிலு."

"கையை கழுவிட்டு வந்து கையெழுத்து போடும்மா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கழுவப் போகவில்லை. பேனாவைத் துணியில் சுற்றிப் பிடித்து, காகிதத்தில் படாமல் கையை அந்தரத்தில் நிறுத்தியபடி கையெழுத்துப் போட்டாள். டாக்டரம்மா நேரத்தை எழுதிச் சீல் வைத்தார். தேவிப்ரியா அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, ஜீப்பில் இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"இதுல அடியில படுக்காமலே ஆயில் எடுக்கலாமா? என் காருக்கும் மாத்தணும். இதுக்காக கள்ளக்குறிச்சிக்குப் போனா ஒரு நாளே போயிடுது."

"பத்தே நிமிஷம் மேடம்!" என்று நான் குழாயை உருவினேன். "ஒரு சொட்டு சிந்தாது. கார் எங்க நிக்குது?"

"மேடம்," என்று வாசற்படியிலிருந்து தேவிப்ரியா குரல் கொடுத்தாள். வேலையில் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். "எங்கப்பா இப்பவே கெளம்பறாருங்க."